அக்காவின் ஜீப்பில் வலப்பக்கம்

திருகோணமலை ரயில் நிலையத்தில் இறங்கியதும் நான் தேடியது ஒரு வாடகைக் காரைத்தான். அக்காவே வந்து நிற்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. வெள்ளைச் சேலையை இடுப்பில் வரிந்து செருகியிருந்தாள். கழுத்தில் ஒரு துண்டு. காலில் ஆண்கள் போடும் கன்வாஸ் சப்பாத்து. ஒரு பழைய ஜீப்பின் மீது சாய்ந்து நின்று, வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெலிஞ்சு போனாய்" என்றாள். "ஏறு."

ஓட்டுநர் எங்கே என்று பார்த்தபடி, நம் ஊர் வழக்கப்படி இடப்பக்கம் ஏறப் போனேன். அங்கே ஸ்டியரிங் இருந்தது.

"அது என்ட இடம். நீ அங்கால வா."

வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். அக்கா ஏறி, சேலையை முழங்காலுக்கடியில் அடக்கிக்கொண்டு, வண்டியைக் கிளப்பினாள். என் வயது அப்போது முப்பத்தொன்று. ஒரு பெண் ஓட்டும் வண்டியில் அன்றுதான் முதல்முறை உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அக்கா நாகப்பட்டினத்திலிருந்து வாழ்க்கைப்பட்டுப் போய்ப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வள்ளம் வாங்க எங்கள் ஊருக்கு வந்த சிவராசா அத்தான் பெண்ணும் எடுத்துக்கொண்டு போனார். பிள்ளைகள் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நெஞ்சுவலியில் அத்தான் போய்விட்டார். கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டும் அக்கா ஊருக்கு வரவில்லை. கடைசியில் அப்பா என்னைக் கூப்பிட்டு, "நேரில் போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வா. அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்?" என்றார். தாலுகா அலுவலகத்தில் ஒரு மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். அவள் என்ன செய்து பிழைக்கிறாள் என்று எங்களில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

அன்புவழிபுரத்திலுள்ள வீட்டுக்குப் போவதற்குள் எதிரே இரண்டு ஜீப்புகள் வந்தன. இரண்டின் ஓட்டுநர்களும் என்னைப் பார்த்துக் கை தூக்கினார்கள். ஸ்டியரிங்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றதைத் தோள் உயரத்துக்கு, விரல்களை விரித்து. முதல் ஆளுக்கு நான் திகைத்துப் போய்ச் சும்மா இருந்தேன். இரண்டாமவருக்கு நானும் தூக்கினேன். அவர் சிரித்தார்.

"யாரக்கா அவங்க?"

"ஜீப்காரர்."

"நம்மளைத் தெரியுமா?"

"ஜீப்பைத் தெரியும்" என்றாள்.

மறுநாள் வெளிச்சம் வரும்போதே புறப்பட்டோம். துறைமுகத்துக்குப் பக்கத்து ஐஸ் ஆலையில் பாளம் பாளமாக ஐஸ் ஏற்றி, உமியால் மூடி, வடக்கே சல்லிக் கரைக்குப் போனோம். வள்ளங்கள் கரையேறும்போது அக்கா நிற்க வேண்டும். மீனை ஐஸில் அடுக்கிப் பட்டணத்துச் சந்தைக்கும், பெட்டி கட்டியதைக் கொழும்பு ரயிலுக்கும் கொண்டுவந்து சேர்ப்பாள். அத்தான் செய்த தொழில் இது. அவர் செத்து முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாளிலிருந்து முற்றத்திலேயே ஓட்டிப் பழகி, நாற்பத்தைந்தாம் நாள் ரோட்டுக்கு எடுத்தாளாம்.

சல்லியில் வள்ளங்களும் வலைகளும் வைத்திருந்த ஒரு சம்மாட்டியின் வீட்டில் காலைச் சாப்பாடு. நாட்டில் அரிசிக்குத் தட்டுப்பாடு; பாண் என்று அவர்கள் சொல்லும் ரொட்டிக்கும் வரிசை. அவித்த மரவள்ளிக்கிழங்கும் செத்தல் மிளகாய் இடித்த தேங்காய்ச் சம்பலும் வைத்தார்கள். இட்லியில் வளர்ந்த வயிறு முதலில் தயங்கியது. பிறகு சூடை மீன் சொதியை ஊற்றினார்கள். வயிறு தயக்கத்தை விட்டது. காப்பி கேட்டேன். தேத்தண்ணி வந்தது, சீனி இல்லாமல், கடித்துக்கொள்ள ஒரு துண்டுப் பனங்கட்டியுடன். ஊருக்குத் திரும்பிய பிறகும் சில மாதங்கள் நான் அப்படித்தான் குடித்தேன்.

அந்த ஜீப்புகளின் கதையைச் சம்மாட்டிதான் சொன்னார். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது, துறைமுக யார்டில் நின்ற யுத்தகால ஜீப்புகளை ஏலம் விட்டிருக்கிறார்கள். அத்தானும் எடுத்தார். கிண்ணியா, மூதூர் முஸ்லிம்கள், தம்பலகாமம் பக்கத்து வயல்காரர்கள், கண்டி ரோட்டுச் சிங்களவர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் எடுத்தார்கள். எல்லாம் இடப்பக்க ஸ்டியரிங்.

"எல்லாம் ஒரு யார்டில நிண்ட சகோதரங்கள் தம்பி" என்றார் சம்மாட்டி. "இப்ப வெளியால இருந்து ஒரு சாமானும் வாறேல்லை. ஒண்டு செத்தாத்தான் மற்றது பிழைக்கும். இந்த ஜீப்புக்குள்ள இருக்கிற பம்ப் மூதூர் வண்டியில இருந்தது. சிவராசாட பழைய கியர்ப்பெட்டி கந்தளாயில ஓடுது. கை தூக்காம எப்பிடிப் போறது?"

எனக்கு அது விந்தையாக இருந்தது. நம் ஊரில் ஜீப் என்றால் அரசாங்கம். தாசில்தாரின் பின்னால் கோப்புக் கட்டுகளோடு நானும் உட்கார்ந்து போயிருக்கிறேன். எங்களைக் கண்டால் சைக்கிள்காரன் இறங்கி நிற்பான். மடித்துக் கட்டிய வேட்டி கீழே இறங்கும். டீக்கடையில் பேச்சு நிற்கும். கும்பிடுவார்கள், ஆனால் கும்பிட்டுவிட்டு, வண்டி எந்தத் தெருவுக்குள் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஜீப்பைப் பார்த்து ஒருவர் சிரித்து நான் கண்டதில்லை. இங்கே ஒரே காலையில் ஆறு கைகள் எனக்காக எழுந்தன. நான் ஒன்றையும் விடவில்லை. மூன்றாவது ஆளுக்குள் விரல்களை விரிக்கும் பாங்கும் வந்துவிட்டது.

மதியம் சோற்றுத் தட்டின் முன்னால் அப்பா சொல்லி அனுப்பியதைச் சொல்லத் தொடங்கினேன்.

"சாப்பிடு. பிறகு கதைப்பம்" என்றாள் அக்கா.

மூன்றாம் நாள் எனக்கு வயிறு சரியில்லை. "நீ படு, நான் தனியப் போறன்" என்று அக்கா போய்விட்டாள். காலை ஒன்பது மணி வாக்கில் கொஞ்சம் தெளிந்ததும் ரோட்டுக்கு நடந்து, சந்தியிலிருந்த தேநீர்க்கடை வாசலில் நின்றேன். சிறிது நேரத்தில் நிலாவெளி ரோட்டில் அக்காவின் ஜீப் வந்தது. எதிர்த்திசையிலிருந்து இன்னொன்று. முந்தின நாள் எனக்குக் கை தூக்கிய அதே ஆள். தொப்பியும் நரைத்த தாடியும் நன்றாக நினைவிருந்தன. என்ன அழகாகத் தூக்குகிறார், பார்க்கலாம் என்று நின்றேன்.

அவர் தூக்கவில்லை. வண்டிகள் நெருங்கும்போது கியரில் ஏதோ கோளாறு போலக் குனிந்தார். அக்கா ரோட்டையே பார்த்தபடி போனாள். இரண்டு ஜீப்புகளும் இரண்டு லாரிகள் கடப்பதுபோலக் கடந்துபோயின.

நின்ற இடத்திலேயே எனக்கு முகம் சுட்டது. இரண்டு நாட்களாக நான் வாங்கிய வணக்கங்களை எண்ணிப் பார்த்தேன். இடப்பக்க ஸ்டியரிங் வண்டியில், எதிரே வருபவருக்கு அருகில் இருப்பது வலப்பக்கம் உட்கார்ந்த நான். சும்மா உட்கார்ந்து வந்தவனுக்கு, ஆண் என்பதால், எல்லாக் கையும் எழுந்திருக்கின்றன. ஓட்டியவளுக்கு ஒன்றும் இல்லை.

அன்று மாலை அக்கா கிணற்றடியில் மீன் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "உனக்கு ஏன் யாரும் கை தூக்கறதில்லை?"

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அவருக்குத் தூக்கின கை அது. எனக்கில்லை."

"செத்த வீட்டுக்கு வந்தாங்களா?"

"எல்லாரும் வந்தவை. பதினொரு ஜீப் இந்த ஒழுங்கை முழுக்க நிண்டது. சுடலை வரைக்கும் பின்னால வந்தவை." ஒரு வாளித் தண்ணீரை அள்ளி ஊற்றினாள். "நான் வண்டியை எடுத்த பிறகு நிப்பாட்டிட்டினம். பொம்பிளைக்கு ரோட்டில கை காட்டினா சனம் கதைக்கும் எண்டு நினைச்சிருப்பினம். பிழை சொல்ல ஏலாது."

"அப்ப இங்கே எதுக்கக்கா இருக்கே?" என்று கேட்டுவிட்டேன். அப்பாவின் கேள்வியும் அதுதானே.

அவளுக்குக் கோபம் வந்தால் பதினெட்டு வருஷப் பேச்சு உதிர்ந்து எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிடும். "கை தூக்குறதுக்காகவாடா வண்டி ஓட்டுறேன்? போடா, போயி வேலையப் பாரு" என்றாள்.

நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் கைகளை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே எழுந்த கைகள் பதில் இல்லாமல் இறங்கின. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

ஆறாம் நாள் மத்தியானம் உமி ஏற்றத் தம்பலகாமம் போனோம். அங்கே நெல் ஆலையில் பத்து மூட்டை கிடைத்தது. திரும்பும்போது கண்டி ரோட்டில் ஒரு தேநீர்க்கடையில் நிறுத்தினோம். கடைக்குப் பக்கத்திலும் ஒரு ஜீப் நின்றது. அதன் சொந்தக்காரர், அறுபது வயதுச் சிங்களவர், எங்களைப் பார்த்து எழுந்து நின்றார். பிறகு கடைக்காரரிடம் தாழ்ந்த குரலில் சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னார். அக்கா தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

வண்டியில் ஏறிய பிறகு, "என்ன சொன்னார்?" என்றேன்.

பாடம் ஒப்பிப்பவள்போல ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள்: "சிவராசாவின் எஞ்சின் சத்தம் கேட்டால் இன்றைக்கும் கை தானாக மேலே போகிறது. பாதியில் ஞாபகம் வந்து கீழே போடுகிறேன். அப்படிச் சொன்னார்."

ஒரு மைல் தூரம் வழக்கத்தைவிட வேகமாக ஓட்டினாள்.

குளக்கட்டுப் பாதை ரோட்டில் வந்து சேரும் இடத்தில் அக்கா சட்டென்று பிரேக் போட்டாள். கட்டின் மேல், முந்நூறு அடி தள்ளி, ஒரு ஜீப் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. ஒரு ஆள் மண்வெட்டியால் சக்கரத்தடியில் வெட்டிக்கொண்டிருந்தார். தொப்பியும் நரைத்த தாடியும். சந்தியில் கியரைப் பார்த்துக் குனிந்தவர்தான்.

"கிண்ணியா ஹனிபா காக்கா" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லி அக்கா கட்டின் மேல் திருப்பினாள்.

கிட்டப் போனபோதுதான் உள்ளே ஆட்களைப் பார்த்தோம். அவருடைய மனைவி, மடியில் போர்வை சுற்றிய ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை. நான்கு நாள் காய்ச்சலாம். உள்ளூர் மருந்துக்கு இறங்காமல், அன்று கண் செருகத் தொடங்கியதால் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டிருக்கிறார். வயல் பக்கத்து மதகு உடைந்து கிடந்ததால் குளக்கட்டால் வந்தவர், மழையில் ஊறிய இடத்தில் புதைந்துவிட்டார்.

"தங்கச்சி, வண்டி கிடக்கட்டும். புள்ளயையும் தாயையும் ஏத்திட்டுப் போங்க" என்றார். மண்வெட்டியைக் கீழே போட்டார்.

அக்கா குழந்தையின் நெற்றியைத் தொட்டாள். பிறகு குளத்தின் மறுகரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். காட்டோரத்தில் ஐந்தாறு யானைகள் தண்ணீருக்கு இறங்கிக்கொண்டிருந்தன. கூட்டத்தோடு சேராமல் ஒன்று மட்டும் கட்டின் முனையை நோக்கி நடந்துகொண்டிருந்தது. ஹனிபாவின் ஜீப்பில் அவசரத்தில் இறக்காமல் விட்ட நான்கு மூட்டை விதைநெல் இருந்தது. அந்தத் தனியன் அதை விட்டுவைக்காது, வண்டியையும் விட்டுவைக்காது.

"ஒருக்கா இழுத்துப் பாப்பம் காக்கா. வராட்டி விட்டுட்டுப் போவம்" என்றாள். குழந்தையையும் தாயையும் எங்கள் ஜீப்புக்கு மாற்றினாள். வண்டியை முன்னும் பின்னுமாக வெட்டித் திருப்பி, பின்பக்கக் கொக்கியில் கப்பல் கயிறு கட்டினாள்.

ஹனிபா என் பக்கம் வந்து, "தம்பி, நீங்க ஏறி ஓட்டுங்க. தங்கச்சி எறங்கட்டும். நல்லா இழுக்கணும்" என்றார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். எத்தனை தடவை எனக்குக் கை தூக்கியிருப்பார் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. பிறகு அக்காவைப் பார்த்தார்.

"நீங்க உங்கட வண்டியில ஏறுங்கோ. முதல் கியர். மெல்லமா. சில்லைச் சுத்த விடாதேங்கோ" என்றாள் அக்கா. என்னிடம், "மூட்டையை வெட்டு."

ஐந்து மூட்டை உமியை அவருடைய சக்கரங்களுக்கடியில் கொட்டி மிதித்தேன். அக்கா நான்கு சக்கரத்துக்கும் இழுவையைப் போட்டுத் தாழ்ந்த கியரில் நகர்த்தினாள். கயிறு விறைத்தது. ஹனிபா தன் வண்டியில் போட்டிருந்த முடிச்சு நழுவி, கயிறு அறுபட்டதுபோலத் தெறித்தது. தனியன் நின்று காதுகளை விரித்தது. ஹனிபாவின் மனைவி சத்தமாக ஓதத் தொடங்கினார்.

அக்கா இறங்கிவந்து தானே முடிச்சுப் போட்டாள். நெற்றி வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டு, மறுபடி ஏறினாள். இந்த முறை, நடந்து போகிறவனைவிட மெதுவாக. இரண்டு எஞ்சின்களும் ஒரே குரலில் முனகின. சேற்றில் முட்டிவரை நின்று நான் பின்னாலிருந்து தள்ளினேன். தள்ளினேன் என்று சொல்வதைவிட, சாய்ந்துகொண்டிருந்தேன் என்பதே சரி. திடீரென்று சாய்ந்துகொள்ள ஒன்றும் இல்லாமல் முகம் குப்புற விழுந்தேன். ஜீப் மேலே ஏறிவிட்டிருந்தது.

பெரியாஸ்பத்திரிக்கு நாங்கள் முன்னால், ஹனிபா பின்னால். குழந்தையின் கால்களை என் மடியில் வைத்துக்கொண்டு பின்பக்கம் உமி மூட்டைகளுக்கிடையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா அன்று ஓட்டிய வேகத்தை அப்பா பார்த்திருந்தால் அவள் இங்கே இருப்பதற்கு அங்கேயே சம்மதித்திருப்பார், அல்லது அங்கேயே மயங்கியிருப்பார். நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபாய்டு, இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். இரண்டு நாள் கழித்துக் குழந்தை கண் திறந்து பேசியது. பாண் கேட்டதாம்.

அதைச் சொல்லத்தான் ஹனிபா காக்கா வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு சட்டி எருமைத் தயிரோடு. கிண்ணியாத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. அக்கா கதிரை போட்டாள். அவர் விளிம்பில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கணும். கோவிக்கப் படாது."

"கேளுங்கோ."

"சிவராசா மௌத்தாகி, நீங்க வண்டிய மொத மொதல் ரோட்டுக்கு எடுத்த அண்டைக்கு, உப்புவெளி வளைவில நான் கை தூக்கினன். நீங்க பாக்காத மாதிரி நேர போயிட்டீங்க. சரி, இவக்கு இது விருப்பமில்ல போல, நாம மரியாதையா ஒதுங்கிக்கிடணும் எண்டு நெனச்சன். மத்த எல்லாருக்கும் நான்தான் செல்லிட்டன், ஆரும் தூக்கி அவட மனச நோகப் பண்ண வேணாம் எண்டு. அண்டைக்கு ஏன் அப்பிடிப் போனீங்க?"

அக்கா தயிர்ச் சட்டியைத் தரையில் வைத்தாள்.  பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"காக்கா, அண்டைக்கு எனக்கு ரோட்டைத் தவிர வேற ஒண்டும் தெரியேல்லை. கிளச்சை விட்டா நிண்டுடும் எண்ட பயம். எதிர்ல ஒரு வண்டி வருது எண்டு மட்டும் தெரியும். கண்ணை மூடாம ஓட்டினதே பெரிய காரியம். நீங்க தூக்கினதை நான் காணவே இல்லை."

 முற்றத்தில் ஒரு காகம் மீன் பெட்டியைக் கொத்தும் சத்தம் கேட்டது.

"ரெண்டு வருசம்" என்றார் ஹனிபா.

"ரெண்டு வருசம்" என்றாள் அக்கா.

முதலில் அவர்தான் சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன. அத்தான் செத்ததற்குக்கூட அழாதவள் என்று பக்கத்து வீட்டார் என்னிடம் சொல்லியிருந்தார்கள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குசினிக்குள் போனாள். வெகுநேரம் கழித்துத் தயிருக்குச் சீனி எடுத்துக்கொண்டு வந்தாள். எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ.

நான் ஊருக்குப் புறப்பட்ட மாலை, ரயிலுக்கு ஏற்றவேண்டிய மீன் பெட்டிகளோடு என்னையும் ஏற்றிக்கொண்டாள். நிலையத்தில் பெட்டிகளை இறக்கி, கொழும்புச் சீட்டு ஒட்டுவதைக் கவனித்து, ஒரு பெட்டி ஒழுகுகிறது என்று ஆளோடு வாதாடி முடித்து, கடைசியாக என்னிடம் வந்தாள். ஊருக்கு வருவது பற்றி அதுவரை நாங்கள் ஒரு வார்த்தை முழுதாகப் பேசியிருக்கவில்லை.

"அப்பாவுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

ஜீப்பின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். அந்தி வள்ளங்களுக்காகச் சல்லிக்குக் கொண்டுபோகவேண்டிய ஐஸிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஐஸ் கரையுது எண்டு சொல்லு" என்றாள். என் தலைமயிரைக் கலைத்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

நான் நிலையத்தின் வாசலில் நின்றேன். வளைவில் திரும்பும்போது கையசைப்பாள் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். நானும் தயாராகக் கையை எடுத்தேன். ஜீப் வளைவுக்குப் போனது. அதே நேரம் எதிரே, கடற்கரைப் பக்கமிருந்து, இன்னொரு ஜீப் வந்தது. யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவின் வலப்பக்க ஆசனம் காலியாக இருந்தது. அதற்கு மேலாக அவளுடைய கை எழுந்தது, தோள் உயரத்துக்கு, விரல்களை விரித்து. அந்தப் பக்கத்துக் கையும் எழுந்தது. இரண்டு வண்டிகளும் வேகத்தைக் குறைத்து, ஏதோ ஒரு வார்த்தை பேசிக்கொண்டு, கடந்தன.

என் பக்கம் அவள் திரும்பவில்லை. ரயில் கூவும் வரை நான் அங்கேயே நின்றேன்.